பேஸ்போல் அணிகளும் எமது கழகத்தின் கணக்குப் புத்தகமும்

எமது விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்து பதினொரு வருடங்களாகின்றன. கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் இருக்கும் எங்கள் கழக அறையில், கிண்ணங்கள் அடுக்கிய தகர அலுமாரியின் கீழ்த்தட்டில், சிவப்பு மட்டை போட்ட கணக்குப் புத்தகமொன்று இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் ‘சமூகப்பணி’ என்று தலைப்பிட்டு, எனக்கு முன்பிருந்த பொருளாளர் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கடந்த நவம்பரில் அந்தப் பக்கங்களை முதல் தடவையாக ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். 2015இல் கற்றல் உபகரணங்கள், 2016இல் முதியோர் இல்லத்துக்கு மதிய உணவு, 2017இல் டெங்கு ஒழிப்புச் சிரமதானம், 2019இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பின் பின்னர் இரத்ததானம், 2020இல் உலர் உணவுப் பொதிகள், 2022இல் பால்மா. எல்லாமே நல்ல காரியங்கள்தாம். ஆனால், ஒரு முறை எழுதப்பட்ட காரியம் மறுபடி எழுதப்பட்ட வருடம் ஒன்றுகூட அந்தப் பக்கங்களில் இல்லை.

2024ஆம் ஆண்டுக்குரிய வரி இது: ‘புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறுவனின் சிகிச்சைக்கு, ரூபா 25,000.’ எழுதியவன் நான். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது, இரத்தப் புற்றுநோய், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பணத்தைக் கடித உறையில் இட்டுத் தாயிடம் கொடுத்தோம், படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம். நூற்றுக்கணக்கானோர் விருப்பம் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் யாரும் போகவில்லை. கடந்த ஒக்டோபரில் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில், கொழும்பு செல்லும் இரவு ரயிலுக்காக, ஒரு கையில் மருத்துவக் கோவையும் மறு கையில் தூக்கக் கலக்கத்தில் நின்ற பிள்ளையுமாக அந்தத் தாயைக் கண்டேன். வெட்கத்தோடுதான் அருகில் போனேன். அவர் கோபப்படவில்லை. “காசு பெரிசில்ல மனே, ஆரும் தந்திருவாங்க. போற வழியிலதான் தனிச்சுப் போறம்” என்றார்.

அந்த வாக்கியம் மனதில் கிடந்த நாள்களில்தான் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் பேஸ்போல் பைத்தியமாகி இருந்தார். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி 2025இல், அமெரிக்கப் பெருந்தொடரின் இறுதிக் கட்டமான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியிடம் தோற்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தாம் ‘பாதிக்குப் பாதி’ சீட்டு வாங்கியதாக அவர் சொன்னார். சேரும் தொகையில் பாதி, சீட்டு விழுந்த ஒருவருக்குப் போகும். மறுபாதி அணியின் அறக்கட்டளைக்குப் போகும். விழாவிட்டாலும் பிள்ளைகளுக்குத்தானே போகிறது என்று அவர் ஆறுதலடைந்தார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்களைக் கொண்ட அணி, சீட்டு விற்றா பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாததால், அன்றிலிருந்து தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

பேஸ்போல் நம்மவருக்கு அந்நியமாகத் தோன்றினாலும், பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் எல்லே ஆடியவர்கள் அதனை அரைமணி நேரத்தில் விளங்கிக்கொள்வார்கள். வீசப்படும் பந்தைத் தடியால் அடித்துவிட்டு, ஒவ்வொரு தரிப்பாகத் தொட்டுச் சுற்றி வருவதே இரண்டிலும் அடிப்படை. அமெரிக்கர்கள் மட்டக்களப்புக்குத் தந்து சென்ற விளையாட்டு வேறு. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை ஊன்றினார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் நமது வெபர் மைதானம் இருக்கிறது. அவர் போர்க்காலம் முழுவதும் நம்மிடையே இருந்து 1998இல் காலமானார். கூடைப்பந்துப் பயிற்றுநராக விளங்கிய ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். விளையாட்டையும் தொண்டையும் பிரித்துப் பார்க்காத மனிதர்களை இந்த ஊர் ஏற்கெனவே கண்டிருக்கிறது என்பதற்காகவே அவர்களை இங்கே நினைவுகூர்கிறேன்.

நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் பாதித்தது பொஸ்டன் நகரத்தின் கதை. அங்கே சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் பணியாற்றினார். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை சில வாரங்களில் இறந்துவிடும் என்பதே அந்தக் காலத்து நிலை. 1947இன் இறுதியில் அமினோப்டெரின் என்ற மருந்தை அத்தகைய பிள்ளைகளுக்குக் கொடுத்த அவர், தற்காலிகமாகவேனும் நோய் தணிவதைக் கண்டார். அந்த மருந்து லெடர்லே ஆய்வுகூடத்தில் யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரின் தலைமையில் உருவாக்கப்பட்டது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். சென்னையில் படித்த ஒருவரின் கைவண்ணம் பொஸ்டன் பிள்ளைகளின் உயிரைச் சில மாதங்களுக்காவது நீட்டித்தது என்பதை வாசித்தபோது, அந்தக் கதை எனக்குச் சற்று அருகில் வந்தது.

ஃபார்பரிடம் மருந்து இருந்தது; ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை. திரையரங்குத் தொழிலைச் சேர்ந்தவர்களின் தொண்டுக் கழகம் ஒன்று அவருக்குத் துணைநின்றது. 1948 மே 22ஆம் திகதி இரவு, நாடு முழுவதும் கேட்கப்பட்ட வானொலி நிகழ்ச்சியொன்றின் நடத்துநரான ரால்ப் எட்வர்ட்ஸ், ஹொலிவூட்டிலிருந்தபடியே பொஸ்டன் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு பேசினார். பிள்ளையின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பதற்காக அவனுக்கு ‘ஜிம்மி’ என்று பெயரிட்டிருந்தார்கள். உனக்கு எந்த அணி பிடிக்கும் என்று எட்வர்ட்ஸ் கேட்க, பொஸ்டன் பிரேவ்ஸ் என்று சிறுவன் சொன்னான். ஒவ்வொரு வீரராகப் பெயர் கேட்கப்பட்டது. சிறுவன் பெயர் சொல்லச் சொல்ல, அந்தந்த வீரர் வைத்தியசாலை அறைக்குள் நடந்து வந்தார். அவனுக்கு அணியின் சீருடையும் பந்தும் கொடுத்தார்கள். எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்து நின்று பாடினார்கள். பிரேவ்ஸ் ஆடுவதைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். நேயர்கள் 20,000 டொலர் சேர்த்துத் தந்தால் அதனை வாங்கிக் கொடுப்போம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் வந்து சேர்ந்த தொகை இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டியது. தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ஜிம்மி நிதியம் என்ற பெயரும் அன்றே நிலைத்தது.

இதுவரையான கதை மட்டுமாக இருந்தால், எங்கள் 2024ஆம் ஆண்டு வரிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. பிரேவ்ஸ் கொடுத்ததும் ஒரு நாள், நாங்கள் கொடுத்ததும் ஒரு நாள். ஆனால், 1953இல் பிரேவ்ஸ் அணி பொஸ்டனை விட்டு மில்வாக்கி நகரத்துக்குப் போய்விட்டது. தொழில்முறை அணிகள் அப்படித்தான். வருமானம் வேறிடத்தில் அதிகம் என்றால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும். நிதியம் அநாதையாகியிருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில், அதே நகரத்தின் போட்டி அணியான ரெட் சொக்ஸின் உரிமையாளர் டொம் யோக்கி, ஜிம்மி நிதியத்தைத் தமது அணியின் உத்தியோகபூர்வ அறப்பணியாக ஏற்றுக்கொண்டார். வேறு பெயர் வைக்கவில்லை. தமது அணியின் நிறத்தைப் பூசவில்லை. இன்னோர் அணி தொடங்கியதாயிற்றே என்று ஒதுக்கவும் இல்லை. அன்றிலிருந்து எழுபது வருடங்களுக்கு மேலாக அந்த அணியும் அந்த நிதியமும் பிரியவில்லை. ரெட் சொக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் விளம்பரப் பலகைகள் இல்லாதிருந்த பல வருடங்களில், வலப்பக்க ஆடுகளத்துக்கு மேலே ஜிம்மி நிதியத்தின் பலகை மட்டும் இருந்தது.

இங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் பேரேட்டை எடுத்தேன். பக்கத்து ஊர்க் கழகம் தொடங்கிய காரியமொன்றை, அந்தக் கழகம் சிதைந்த பிறகு நாங்கள் எடுத்து நடத்தியதுண்டா என்று தேடினேன். இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கழகம் பத்து வருடங்கள் நடத்திய மாலைநேர வகுப்பு, அதன் தலைவர் வெளிநாடு போனதோடு நின்றுபோனது. அது அவர்களுடையது என்பதற்காகவே நாங்கள் அதனைத் தொடவில்லை.

ரெட் சொக்ஸின் புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரரான டெட் வில்லியம்ஸ், ஜிம்மி நிதியத்துக்காகப் பல வருடங்கள் உழைத்தவர். அவர் பத்திரிகையாளர்களோடு ஓயாது சண்டை பிடித்தவர். இரசிகர்களின் கரகோஷத்துக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டவும் மறுத்தவர். அவர் நோயுற்ற பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும்போது, பத்திரிகையாளர் எவரும் வரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதிப்பார். எங்கள் முகநூல் படத்தை அன்றிரவே அழித்துவிட்டேன். அழிப்பதால் ஒன்றும் மாறாது என்பது தெரியும். ஆயினும், அந்தத் தாயின் முகம் எங்கள் கழகத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழே இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஜிம்மி என்று அழைக்கப்பட்ட சிறுவன் இறந்திருப்பான் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்தக் காலத்துப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால், ஐனார் குஸ்டாஃப்சன் என்ற இயற்பெயர் கொண்ட அவர், மெய்ன் மாநிலத்தின் கிராமமொன்றுக்குத் திரும்பி, வளர்ந்து, திருமணம் செய்து, லொறிச் சாரதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். நிதியத்தின் ஐம்பதாவது ஆண்டான 1998இல்தான் அவர் உயிரோடு இருப்பது உலகுக்குத் தெரிய வந்தது. பிரேவ்ஸ் வீரர்கள் கொடுத்த அந்தச் சிறிய சீருடையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 2001இல் அவர் காலமானார். மிகவும் பரவலான இரத்தப் புற்றுநோய் வகையில், வசதியான நாடுகளின் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் இன்று பிழைக்கிறார்கள். அதற்கு ஒரு பேஸ்போல் அணி மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். பல நாடுகளின் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் செய்த பரிசோதனைகளின் பயன் அது. ஆனால், ஆராய்ச்சி என்பது பத்து, இருபது வருடங்கள் பணம் நிற்காமல் வர வேண்டிய வேலை. இந்த வருடம் பற்று, அடுத்த வருடம் மறதி என்ற எங்கள் வழக்கத்தில் அது நடந்திருக்க முடியாது.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். ஜிம்மி நிதியத்தை ஏற்றுக்கொண்ட அதே டொம் யோக்கியின் அணிதான், அமெரிக்கப் பெருந்தொடர் அணிகளுள் கறுப்பின வீரர் ஒருவரை இறுதியாகச் சேர்த்துக்கொண்ட அணி. ஜாக்கி ரொபின்சன் 1947இல் புரூக்லின் டொட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். ரெட் சொக்ஸ் பம்ப்சி கிரீனைக் களமிறக்கியது பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1959இல். ஃபென்வே பார்க்கின் ஓரத்தில் யோக்கியின் பெயரைத் தாங்கியிருந்த வீதிக்கு, அந்த வரலாற்றின் காரணமாக, 2018இல் பழைய பெயரான ஜேர்சி வீதி மறுபடி சூட்டப்பட்டது. நோயுற்ற பிள்ளைகளுக்காகத் திறந்த அதே கை, திறமையான ஆட்டக்காரர்களின் முகத்தில் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. பிள்ளைகளுக்குச் செய்த நன்மை உண்மை; வீரர்களுக்குச் செய்த அநியாயமும் உண்மை.

நமது கரையோரத்தில் இதனை வாசிக்கும் எவருக்கும் நெஞ்சு உறுத்தும் என்று நினைக்கிறேன். கல்லடியைத் தாண்டி நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி. அதற்கும் தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று, தமிழூரும் முஸ்லிமூரும் வேலியோடு வேலியாக இருக்கின்றன. எங்கள் பேரேட்டில் பதினொரு வருடங்களாகப் பயன்பெற்றவர்களின் விலாசங்களைப் பார்த்தேன். ஒரு விலாசம்கூட எங்கள் கிராம சேவையாளர் பிரிவைத் தாண்டவில்லை. வேண்டுமென்று யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டுமே என்பதால் அப்படி நடந்துவிட்டது. அன்றிரவு ரயில் நிலையத்தில் அந்தத் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வாங்கில் காத்தான்குடிப் பெண்ணொருவர், முகக்கவசம் அணிந்த மகளை மடியில் சாய்த்து வைத்திருந்தார். இருவரும் ஒரே வைத்தியசாலைக்கு, ஒரே பெட்டியில் போகிறவர்கள். ஒருவர் பிள்ளையை மற்றவர் பெயர் சொல்லி அழைத்தார்கள். அந்தத் தாய்மார் இருவரும் கடந்துவிட்ட எல்லையை எங்கள் பேரேடு கடக்கவில்லை.

இனி, மச்சானிடம் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பணக்கார அணி ஏன் சீட்டு விற்க வேண்டும்? அணிகளின் நன்கொடை அவற்றின் வருமானத்தோடு ஒப்பிட்டால் சிறியது என்பதும், பல நகரங்களில் மைதானம் கட்டுவதற்கு மக்களின் வரிப்பணத்தை அவை வாங்கிக்கொள்கின்றன என்பதும் நியாயமான குற்றச்சாட்டுகள். வாங்கியதில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேர் வாங்குகிறார்கள் என்று சொல்பவர்களோடு நான் வாதிடமாட்டேன். ஆயினும், தொழிற்பாட்டைக் கவனித்தபோது ஒன்று விளங்கியது. புளூ ஜேய்ஸுக்கு ஜேய்ஸ் கெயார் அறக்கட்டளை; ரெட் சொக்ஸுக்கு 2002இல் தொடங்கிய ரெட் சொக்ஸ் அறக்கட்டளை; இவ்வாறு ஏறக்குறைய ஒவ்வோர் அணியும் தனியாகப் பதிவு செய்யப்பட்ட, தனி நிருவாக சபையும் தனிக் கணக்கும் கொண்ட ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. சீட்டுப் பணம், வீரர்கள் அணிந்து ஆடிய சட்டைகளையும் துடுப்புகளையும் ஏலம் விட்ட பணம், ஓட்டப் போட்டிகளுக்காகச் சேர்ந்த பணம் எல்லாம் அந்தத் தனிக் கணக்குக்குப் போகின்றன. மசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெட் சொக்ஸ் சின்னம் பொறித்த வாகன இலக்கத் தகடு வாங்கினால், அந்தக் கட்டணத்தின் ஒரு பங்குகூட அறப்பணிக்குச் செல்கிறது. அணி அந்த வருடம் தோற்றாலும், நல்ல வீரரொருவரை வாங்கப் பணம் போதாவிட்டாலும், அந்தக் கணக்கில் எவரும் கை வைக்க முடியாது.

எங்கள் கழகத்தில் சமூகப்பணிக்கென்று தனிப் பணம் இருந்ததே இல்லை. மென்பந்துச் சுற்றுப்போட்டி முடிந்து, கிண்ணம், ஒலிபெருக்கி, பந்தல், சோற்றுப் பார்சல் எல்லாவற்றுக்கும் கொடுத்த பின்னர் மிஞ்சுவதே சமூகப்பணி. மிஞ்சாத வருடத்தில் சிரமதானம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கழகம் எதை முதலில் எடுத்து வைக்கிறது, எதை மிச்சத்திலிருந்து செய்கிறது என்பதைப் பார்த்தால் அதன் மனம் தெரிந்துவிடும்.

பணத்தைவிட என்னைக் கவர்ந்தது, ஜேய்ஸ் கெயார் கனடாவெங்கும் நடத்தும் சலெஞ்சர் பேஸ்போல் என்ற திட்டம். உடற்குறைபாடோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் அதில் பேஸ்போல் ஆடுகிறார்கள். ஆடும் பிள்ளைக்கு அருகில் துணைவர் ஒருவர் நிற்பார். மச்சானின் மகள் ஒரு கோடைகாலம் அப்படித் துணையாக நின்றிருக்கிறாள். காணொளி அழைப்பில் அவளிடம் கேட்டேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பையனுக்கு அவள் துணை. பந்தை அவன் அடித்தவுடன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முதலாவது தரிப்புக்கு ஓட வேண்டும். முதல் வாரம் அவள் வேகமாகத் தள்ளியபோது அவன் கோபித்துக்கொண்டானாம். சில்லைத் தானே உருட்ட வேண்டும், அவள் பக்கத்தில் ஓடி வந்தால் மட்டும் போதும் என்றானாம். அடுத்த வாரத்திலிருந்து அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினாள். துணையாக இருப்பது எப்படி என்பதை அந்தப் பையன் அவளுக்கு ஒரு வாரத்தில் கற்பித்துவிட்டான்.

பேரிடர்க் காலத்து உதவி பற்றி எழுதும்போது, நமது மாவட்டங்களைச் சேர்ந்தவன் 2004 டிசம்பர் 26ஐத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. நாவலடியில் குடும்பங்கள் பெயரில்லாமற்போயின. நான் இருந்த முகாமுக்கு அந்த வாரங்களில் வராத நிறுவனம் இல்லை. ஒரு நிறுவனத்தார் வரிசையில் நிறுத்தி, பால்மாப் பெட்டியைக் கையில் கொடுத்து, படம் எடுத்து முடிந்ததும், படத்துக்குப் போதாதென்று அதே பெட்டியை வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்ததை என் கண்ணால் கண்டேன். மூன்று வருடங்களுக்குள் பெயர்ப்பலகைகள் கழற்றப்பட்டன. நல்ல மனிதர்கள் பலர் அவர்களிடையே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், அவர்களும் திட்டம் முடிந்ததும் போக வேண்டியவர்களாகவே வந்தவர்கள்.

1972இல் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில், டிசம்பர் 23ஆம் திகதி, நிக்கராகுவாவின் தலைநகரான மனாகுவாவை நிலநடுக்கம் தகர்த்தது. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ரொபேர்ட்டோ கிளமென்டே, புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அந்தப் பருவத்தின் இறுதியில்தான் தமது 3,000ஆவது அடியைப் பதிவு செய்திருந்தார். அவர் நிவாரணப் பொருள்களைச் சேர்த்து விமானத்தில் அனுப்பினார். அனுப்பியவை மக்களின் கைக்குப் போகாமல் ஆட்சியாளர்களின் படையினரிடம் சிக்குவதாகச் செய்தி வந்தது. தாமே கூடப் போனால் எவரும் தடுக்கத் துணியமாட்டார்கள் என்று எண்ணி, டிசம்பர் 31ஆம் திகதி இரவு பொருள்களோடு தாமும் விமானம் ஏறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்டிருந்த அந்தப் பழைய விமானம், சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அவருக்கு அப்போது 38 வயது, உடல் கிடைக்கவில்லை. 1973 முதல் அவரது பெயரில் வழங்கப்படும் விருதுக்கு, முப்பது அணிகளும் ஆண்டுதோறும் சமூகப்பணியில் சிறந்த தமது வீரரொருவரைப் பிரேரிக்கின்றன. கடல் கொண்டுபோனவர்களின் உடலுக்காகக் காத்திருந்த நம்மவர்களுக்கு, உடல் கிடைக்கவில்லை என்ற அந்த இரண்டு சொற்களின் பாரம் தெரியும்.

கடல் பொங்கிய இன்னோர் ஊர் ஜப்பானின் செண்டாய். 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தப் பிரதேசத்தை அழித்தபோது, அந்த ஊரின் அணியான ரகுட்டென் ஈகிள்ஸ் தொடங்கி ஏழு வருடங்களும் ஆகியிருக்கவில்லை. அது தோற்றுப் பழகிய அணி. வீரர்கள் ஏப்ரலில் ஊர் திரும்பி அகதி முகாம்களுக்குப் போய் மக்களைச் சந்தித்தார்கள். சேதமடைந்த மைதானம் திருத்தப்பட்டு ஆட்டமும் தொடங்கியது. அந்த அணி முதல் தடவையாக ஜப்பான் தொடரை வென்றது 2013 நவம்பரில், செண்டாய் மைதானத்திலேயே. பந்துவீச்சாளர் மசாஹிரோ தனாகா அதற்கு முந்திய நாள் ஆட்டத்தில் 160 பந்துகள் வீசித் தோற்றிருந்தார். மறுநாள் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மறுபடி களமிறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். வெற்றி எவருக்கும் வீடு கட்டித் தராது. ஆனால், தங்கள் ஊரின் பெயரை அழிவுச் செய்தியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மக்கள், அன்றைக்கு அதனை வேறொரு செய்தியில் கேட்டார்கள். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், 2005இன் பிற்பகுதியில் நடந்த முதலாவது உதைபந்தாட்டப் போட்டிக்கு, பிள்ளைகளை இழந்த தகப்பன்மாரும் வந்து கரையோரம் நின்றார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்த வருட ஜனவரியில் நிருவாகக் கூட்டத்தில் மூன்று முன்மொழிவுகளை வைத்தேன். சமூகப்பணிக்கென்று வங்கியில் தனிக் கணக்கு. சுற்றுப்போட்டியில் பங்குபற்றும் ஒவ்வோர் அணியின் நுழைவுக் கட்டணத்திலும் 500 ரூபாவை, கிண்ணத்துக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே, அந்தக் கணக்கில் இடுவது. ஐந்து வருடங்களுக்கு ஒரே ஒரு காரியம். மூன்றாவதுதான் பெரிய வாக்குவாதமாகியது. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு அவ்வேளை தனியாகச் சேர்ப்போம் என்று முடிவாகியது. ஒரே காரியத்தைச் செய்தால் மற்றவர்கள் எங்களை மறந்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் மூத்த விக்கெட் காப்பாளர், அதிகம் பேசாதவர், “நாம மறக்காம இருந்தாச் சரிதானே” என்றார். அதோடு அந்த விடயம் முடிந்தது.

எடுத்துக்கொண்ட காரியம் எளியது. மகரகமவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் குடும்பங்களோடு இரவு ரயிலில் எங்கள் கழகத்தவர் ஒருவர் போவார். பையைத் தூக்குவார், கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி மகரகம பஸ் பிடித்துக் கொடுப்பார், சிங்களத்தில் கதைக்க வேண்டிய இடத்தில் கதைப்பார், வரிசையில் இடம் பிடிப்பார், திரும்பக் கூட்டி வருவார். அவரது பயணச் செலவும் குடும்பத்தின் பயணச் செலவும் தனிக் கணக்கிலிருந்து. படம் எடுப்பதில்லை என்பதையும் தீர்மானமாக எழுதிக்கொண்டோம். காத்தான்குடிக் கழகமொன்றின் செயலாளரோடு கதைத்தேன். அவர்களின் பிரிவிலும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அவர்கள் சார்பில் மூவர் எங்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். யார் எந்தக் குடும்பத்தோடு போவது என்பதை ஊர் பார்க்காமல் திகதி பார்த்துத் தீர்மானிக்கிறோம்.

இதுவரை ஆறு பயணங்கள் முடிந்திருக்கின்றன. மூன்றாவது பயணத்தில் போனவர் பிள்ளையின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை ரயிலிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அன்று முழுவதும் அந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்கு நாங்கள் பொறுப்பு. இப்போது கோவையைப் பையில் வைப்பதில்லை. துணை போகிறவர் மார்போடு அணைத்தபடி செல்ல வேண்டும்.

ரயில் நிலையத்தில் நான் கண்ட பையனுக்கு எதிர்வரும் வியாழக்கிழமை மருத்துவ நாள். யாரை அனுப்புவது என்று கேட்க நேற்று மாலை வீட்டுக்குப் போனேன். தாய் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று, எங்கள் அணியின் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர் வருவாரா, அவர் வருவாரா என்று கேட்டுக்கொண்டே வந்தான். வேகப்பந்து வீசும் இளைஞனின் பெயரில் வந்து நின்றான். அந்த இளைஞனுக்கு வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது. இருந்தும் லீவு எடுத்துவிட்டார். புத்தகத்தில் ஏழாவது பயணத்துக்குரிய வரியை இன்று காலை எழுதி வைத்தேன்.